துணைவேந்தருக்கு ரோஸ்டர் படிக்கத் தெரியுமா?



பல்கலைக்கழக உயர் நிர்வாகிகளுக்கு என்னென்ன திறன்கள் வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். இதற்கென நடக்கும் பயிற்சி வகுப்புகளில் தலைமைப் பண்பு, நிதி மேலாண்மை, தரவரிசை என்று வரிசையாகச் சொல்வார்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் கோப்புகளோடு கிடந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த மூன்று திறன்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ரோஸ்டர் படிக்கத் தெரிய வேண்டும். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பைக் காட்டி, ஆசிரியர் நியமனத்தில் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்கும்படி 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. அந்தக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோருக்கு நான்காவது இடம், பட்டியல் சாதியினருக்கு ஏழாவது, பழங்குடியினருக்குப் பதினான்காவது. மூன்றே பணியிடம் உள்ள துறையில் ஒருவர் ஓய்வுபெற்று அடுத்த நியமனம் வரும்வரை இடஒதுக்கீடு பூஜ்யம். சதவீதம் மாறவே இல்லை. எண்ணுகிற முறையை மாற்றினார்கள், வாசல் அடைபட்டது. நாடெங்கும் போராடிய பிறகுதான், மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனத்தையும் ஓர் அலகாகக் கொள்ளும் சட்டம் 2019இல் வந்தது. இந்தக் கணக்குப் புரியாத துணைவேந்தர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். புரிந்தவர், 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று காலியாக விட்ட இடங்களுக்குக் கணக்குக் கேட்பார்.

இரண்டாவது, பணம் மாணவர் கையில் என்றைக்குச் சேர்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று இறந்த ரோஹித் வெமுலா, தனக்கு ஏழு மாத உதவித்தொகை, 1.75 லட்சம் ரூபாய் வர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நிதி அலுவலருக்கு அது நிலுவையில் ஓர் இனம். முதல் தலைமுறை மாணவருக்கு அதுதான் மெஸ் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம்.

மூன்றாவது, சாதிப் புகாரைக் காதுகொடுத்துக் கேட்டு விசாரிக்கத் தெரிய வேண்டும். சம வாய்ப்பு மையம், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் எல்லாம் 2012 விதிகளிலேயே இருக்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி, பிள்ளைகளைப் பறிகொடுத்த ராதிகா வெமுலாவும் அபேதா தத்வியும் 2019இல் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. துணைவேந்தராக, பேராசிரியர் பதவியில் பத்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்தப் பத்தாண்டில் ஒரு தலித் மாணவரின் புகாரையாவது ஒழுங்காக விசாரித்தீர்களா என்று எந்தத் தேடல் குழு கேட்கிறது?

அவர்கள் கேட்காததை நாம் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் ரோஸ்டர் பதிவேட்டு நகல், நிலுவையில் உள்ள உதவித்தொகை, சம வாய்ப்பு மையம் கடைசியாகக் கூடிய தேதி, மூன்றையும் கேளுங்கள். பதில் வந்ததும் கூப்பிடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து எண்ணுவோம்.

ஜெய்பீம்.