கண்ணீர் விட்ட ஆண்டவர்

(யூபிலி ஆயத்த நாட்களில் நம் ஆலயத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதுதான் முறை. ஆயினும் இன்று மாலை கண்ணீரைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். அதற்குக் காரணம் இருக்கிறது.

நம் பங்கில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? மாலையோடு போகிறோம், செபமாலை சொல்கிறோம். பிறகு பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அருகில் உட்கார்ந்து, "அழாதேம்மா, எல்லாம் தேவ சித்தம். விசுவாசம் உள்ளவர்கள் இப்படி அழலாமா?" என்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாயின் காதில் அது எப்படி விழும்? பிள்ளையை எடுத்துக்கொண்டவரும் கடவுள், அழக்கூடாது என்று தடுப்பவரும் கடவுள் என்றுதானே? அதற்குப் பின் கோயில் பக்கமே வராமல் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று நாம் பேசிக்கொண்டோமே தவிர, நம் வார்த்தையில் குறை இருந்ததா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

கடவுளுக்கு உணர்ச்சிகள் உண்டா? இறைவன் மாறாதவர் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். 1870-இல் முதல் வத்திக்கான் சங்கமும் அவ்வாறே போதித்தது. நம்மைப்போல் காலையில் அன்பும் மாலையில் சலிப்பும் அவருக்கு இல்லை. அவருடைய அன்பு நம் நடத்தையைப் பார்த்து ஏறி இறங்குவதன்று. இது எத்துணை பெரிய ஆறுதல்! ஆனால் மாறாதவர் என்பதற்குக் கல்மனம் படைத்தவர் என்று பொருள் கொண்டுவிடலாகாது. வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைக்கு நடை பழக்கிய தகப்பன், அவன் வழிதவறிப் போனபின்பும் கைவிட மனம் வராமல் தவிப்பதைப்போல ஓசே ஆகமம் இறைவனைக் காட்டுகிறது. எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் சொல்லும், கருப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. "பெத்த வயிறு பத்தி எரியுதே" என்று நம் ஊர்ப் பெண்கள் கதறும்போது, தங்களை அறியாமலே வேதாகமத்தின் மொழியைப் பேசிவிடுகிறார்கள்.

இப்பொழுது பெத்தானியாவுக்குப் போவோம். எருசலேமிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், ஒலிவ மலையின் கிழக்குச் சரிவில் உள்ள ஊர் அது. அரபு மக்கள் இன்று அதை அல் ஏஸரியா என்கிறார்கள். லாசரின் பெயர் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. லாசர் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி கிடைத்த பின்னும் இயேசு இருந்த இடத்திலேயே 2 நாள் தங்கினார் என்று அருளப்பர் எழுதுகிறார். வந்து சேர்ந்தபோது லாசரைக் கல்லறையில் வைத்து 4 நாள் ஆகிவிட்டது. எதிரே வந்த மார்த்தா, அவர் அங்கே இருந்திருந்தால் தன் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். சற்றுப் பின் மரியாவும் அதையே சொல்லி அவர் காலில் விழுகிறாள். ஆண்டவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மரியா அழுவதையும், உடன் வந்தவர்கள் அழுவதையும் கண்டு உள்ளம் குமுறினார். அவ்விடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் சொல் சினத்தோடு உறுமுவதைக் குறிப்பது. சாவைக் கண்டு அவருக்குக் கோபம் வந்தது என்று விளக்குவோர் உண்டு. நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பின்பு அவர் அழுதார். இன்னும் சிறிது நேரத்தில் லாசரை எழுப்பப்போகிறவர், அது நன்றாகத் தெரிந்தவர், அழுதார்! உயிர்ப்பை விசுவசிப்பவன் அழக்கூடாது என்றால், அன்று முதலில் உலர்ந்திருக்க வேண்டியவை அவருடைய கண்கள் அல்லவா?

நம் வீடுகளில் விளக்கேற்றி வைத்திருக்கும் திரு இருதயப் படத்தின் பொருளும் இதுதான். மாறாத இறைவன் நம்மைப்போல் துடிக்கும் இருதயம் ஒன்றைத் தமதாக்கிக்கொண்டார். 1956-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதரும், 2024 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிசும் இதைப் பற்றியே சுற்றுமடல் எழுதினார்கள். தலைவெள்ளிதோறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும் நாம் இதை எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். மாதாவைத் தேடி வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் பலரைக் கடல் கொண்டுபோயிற்று. கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று புதுமை பேசியவர்கள் இருந்தார்கள். பிணத்தருகே நின்றவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்! அவர்கள் நெஞ்சில் இருந்தது மார்த்தாவின் கேள்வி. அதைக் கேட்பது பாவம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாம். மார்த்தா குறை சொன்ன அதே வாயால்தான், அவர் கிறிஸ்து, கடவுளின் மகன் என்று அறிக்கையிட்டாள். நம்மில் சிலர் குறையை மறைத்துவிட்டு அறிக்கையை மட்டும் சொல்லப் பார்க்கிறோம். அது அதிக நாள் நிலைப்பதில்லை.

அழுகையே வராமல் வறண்டுபோனவர்களும் நம்மிடையே உண்டு. செபத்தில் ஒன்றும் தோன்றவில்லை, கடவுள் நம்மை மறந்துவிட்டார் என்பார்கள். குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 1896 பாஸ்குத் திருநாள் முதல் 1897 செப்டம்பர் 30-இல் இறக்கும்வரை இப்படிப்பட்ட இருளில்தான் இருந்தாள். அவளைத்தான் திருச்சபை 1997-இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஓர் ஆறுதல் வரியும் கிடையாது. அதையும் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

மறுபடி பெத்தானியா. கல்லை அகற்றச் சொன்னார்; அகற்றினார்கள். லாசர் வெளியே வந்ததும் கட்டுகளை அவிழ்த்துவிடச் சொன்னார். இந்த வேலைகளை அவர் தாமே செய்யவில்லை. துக்கத்துக்குக் கூடியிருந்தவர்களிடம் விட்டார்.

நம் பங்கில் 30-ஆம் நாள் திருப்பலி வரை துக்க வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் படியேறுவார் இல்லை. ஆகவே சென்ற ஈராண்டுகளில் சாவு நேர்ந்த வீடுகளின் பட்டியலை எடுத்துத் தருமாறு மரியாயின் சேனையாரையும் வின்சென்ட் தே பவுல் சபையாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அன்பியம் அன்பியமாகப் பிரித்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராகப் போவோம். புத்திமதி எதையும் எடுத்துப்போக வேண்டாம். அவர்கள் அழுதால் கூட உட்கார்ந்திருப்போம். சாமியை நொந்து பேசினாலும் காதுகொடுத்துக் கேட்போம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையாவது போய்வந்துவிடலாம்.