ஊர்த் திட்டமும் ஊரார் குரலும்



மொழிக்கென அமைந்த மேடையில் நிலத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். நம் இலக்கணமே நிலத்தை ஐந்தாகப் பகுத்துக்கொண்டு, அதன்மீது வாழ்வைப் பேசிய இலக்கணம். நன்செய், புன்செய், நத்தம், மந்தைவெளி, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு என நிலத்தின் பயனைக் குறிக்க நம் மொழி வளர்த்து வைத்துள்ள சொற்கள் பல. எந்நிலம் எதற்கு என்னும் வினா நமக்குப் புதியதன்று. அவ்வினாவுக்கு விடை எழுதப்படும் இடத்தில் நாம் இருக்கின்றோமா என்பதையே இன்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் அவ்விடை மூன்று அடுக்குகளில் எழுதப்படுகின்றது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், தீபகற்ப மாநிலங்களுக்கு இம்முறையை வகுத்தது. நாடு முழுமைக்கும் வழிகாட்டுவது ரஞ்சாங்கான் பிசிக்கல் நெகாரா என்னும் தேசியத் திட்டம். மாநிலத்தின் நெடுங்காலப் போக்கைச் சொல்வது கட்டமைப்புத் திட்டம். மூன்றாவது, ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டம். முதலிரண்டும் பெரும்பாலும் கொள்கை பேசுபவை. உள்ளூர்த் திட்டமோ வரைபடத்தோடு வருவது. எந்த நிலத் துண்டு வேளாண்மைக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பள்ளிக்கு என்று அது நில எல்லையளவில் குறித்துக் காட்டும். அரசிதழில் வெளியானபின், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அவ்வூரில் எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் திட்ட அனுமதி வழங்கும்போது அதுவே அளவுகோல்.

இத்திட்டத்தை அதிகாரிகள் தாமாகவே முடித்துவிட இயலாது. வரைவைத் தொடங்குமுன், இன்ன நோக்கத்தோடு திட்டம் எழுதப் போகின்றோம் என்று ஊராட்சி மன்றம் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். வரைவு முடிந்தபின், தேசிய மொழி நாளிதழ் ஒன்று உட்பட இரண்டு நாளிதழ்களிலேனும், மும்முறை அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, நான்கு வாரத்துக்குக் குறையாத காலம் ஆட்சேபம் பெற வேண்டும். ஆட்சேபம் எழுதியவர் விரும்பினால், குழுமுன் நேரில் தோன்றித் தம் கருத்தை எடுத்துரைக்கலாம். அதன் பின்னரே திட்டம் மாநிலத் திட்டமிடல் குழுவின் ஒப்புதலுக்குச் செல்லும்.

ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அது எப்படி இயங்குகின்றது என்பதற்குச் செலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தைச் சான்றாகக் கொள்வோம். பந்திங், ஜென்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு ஆகிய ஊர்களைக் கொண்ட இம்மாவட்டம், செம்பனைத் தோட்டங்களும் சிற்றூர்களும் பரந்த நாட்டுப்புறம். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்த மண் இது. தெமுவான், மா மெரி பூர்வகுடி மக்களின் மண்ணும் இதுவே. கிள்ளான் துறைமுகமும் விமான நிலையமும் அருகில் அமைந்தமையால் இங்குள்ள நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய இடத்தில் பயனை மாற்றச் சொல்லும் கோரிக்கையும் வரும்.

இம்மாவட்டத்தின் வடக்கே கரிச்சதுப்பு நிலத்தில் அமைந்தது கோல லங்காட் வட காப்புக்காடு. அதில் 930.93 ஹெக்டர் பரப்பின் காப்புத் தகுதியை நீக்கும் எண்ணத்தை மாநில அரசு 2020 பிப்ரவரியில் அறிவித்தது. அவ்விடத்தில் கலப்பு மேம்பாடு வருவதாக இருந்தது. காட்டை ஒட்டி வாழும் தெமுவான் மக்கள் எதிர்த்தனர். இயற்கை ஆர்வலரும் கல்வியாளரும் உடன் நின்றனர். கரிச்சதுப்பு வறண்டால் தீப்பற்றும், அத்தீ மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகையும், அப்புகை பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வந்து சேரும் என்பதை அவ்வூரார் பட்டறிந்திருந்தனர். பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. ஆயினும் 536.7 ஹெக்டரின் தகுதி நீக்கப்பட்டுவிட்டது என்னும் செய்தி 2021 ஆகஸ்டு இறுதியில் வெளிவந்தது. மீண்டும் கடும் எதிர்ப்பு எழவே, செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது.

இந்நிகழ்ச்சி காப்புக்காட்டுச் சட்டத்தின்கீழ் நடந்தது. உள்ளூர்த் திட்டத்தின்கீழ் அன்று. எனினும் திட்டமிடலைப் பயில்வோர்க்கு இதில் இரு பாடங்கள் உள. ஒன்று, மக்கள் எழுதும் தாள் வெறுந்தாளாகிவிடுவதில்லை. மற்றொன்று, ஆட்சேபக் காலம் முடிந்ததோடு மக்கள் கடமையும் முடிந்தது என்று இருந்துவிட முடியாது. இடையில் நிகழ்ந்ததை எவரும் கவனியாது இருந்திருப்பின், அக்காட்டில் பாதிக்கு மேல் இன்று வேறொன்றாகியிருக்கும்.

இனி, ஊரார் என்போர் யாவர் என்னும் வினாவுக்கு வருவோம். தமிழரின் ஊராட்சிச் சிறப்பைச் சொல்லும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகின்றோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. பெருமைப்படத்தக்கதே. ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவரே குழுவுக்கு உரியவர் என்றும் சொல்கின்றது. நிலத்தில் உழைத்தோர்க்கு அந்நிலத்தைப் பற்றிப் பேச இடமில்லை. பெருமையைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வரம்பையும் சேர்த்தே கற்பித்தல் நலம்.

ஏனெனில், அவ்வரம்பின் நிழல் இன்றைய சட்டத்திலும் உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், அண்டை நிலத்தின் உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்கின்றது 172ஆம் சட்டம். உரிமையாளர் என்பது இங்குக் கவனிக்க வேண்டிய சொல். தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு நிலப் பட்டா இல்லை. எனவே அஞ்சற்காரர் அவ்வறிவிப்பை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவர மாட்டார். ஆனால் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, ஆட்சேபம் எழுதப் பட்டா வேண்டியதில்லை. அங்கு வாழ்பவர் எழுதலாம். அங்குப் பணிபுரியும் ஆசிரியர் எழுதலாம். கோயில் நிருவாகம் எழுதலாம். நிலமற்றோர்க்குச் சட்டம் திறந்து வைத்துள்ள அகலமான வாயில் இதுவே. பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை சில வாரங்களே அது திறந்திருக்கும். அதனைத் தவறவிட்டு, மண்வாரி இயந்திரம் வந்தபின் பதாகை ஏந்துவது, விதைக்கும் பருவத்தில் உறங்கி அறுவடை நாளில் வயலுக்குப் போவதை ஒக்கும்.

இதில் நாம் இழக்கக்கூடியது எது? முதலில் பள்ளி. நாட்டின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று தோட்ட நிலத்தில் எழுந்தவை. தோட்டம் நகரியமாக மாறும்போது தொழிலாளர் குடும்பங்கள் கலைகின்றன. மாணவர் எண்ணிக்கை சரிகின்றது. புதிய நகரியத்தின் வரைபடத்தில் பள்ளிக்கென ஒரு நிலத் துண்டு முன்னரே குறிக்கப்பட்டிருந்தால், இடமாற்றம் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். குறிக்கப்படாவிடில், நிலத்தைத் தேடுவதிலேயே ஆண்டுகள் கழியும். கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் இந்நிலையே. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், இறை விதிக்கும் நிலத்தைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைத் தனியே பிரித்து நீக்குகின்றன. ஊர் என்றால் விளைநிலம் மட்டுமன்று என்னும் தெளிவு அக்கணக்கருக்கு இருந்தது. இன்றைய வரைவில் அத்தெளிவு விடுபட்டிருந்தால், அதனைச் சுட்டிக்காட்டும் கடமை நம்முடையது.

நம் முன்னோர் இவ்வகையில் வாளா இருந்தவரல்லர். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று சிறு சிறு தொகையாகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நிலத்தின் விதியைப் பிறர் எழுத விடாது, அதனை விலைக்கு வாங்கித் தாமே எழுத முனைந்த முயற்சி அது. பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில், 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்னும் விதியும் சேர்ந்தது. எனினும் துண்டாடாமலே ஒரு தோட்டம் முழுமையாக நகரியமாக மாறலாம். ஆகவே, விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றே போதாது. நிலப் பயன்பாட்டை எழுதும் திட்டத்திலும் நம் கண் இருத்தல் வேண்டும்.

ஊரார் குரல் என்பது ஒரே குரலாக ஒலிக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. கோலாலம்பூர்த் தாமான் ரிம்பா கியாராப் பூங்கா வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2023இல் குடியிருப்பாளர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதிய கட்டமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் காரணமின்றிப் புறந்தள்ள இயலாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. ஆனால் அப்பூங்காவை ஒட்டி நெடுவீடுகளில் வாழ்ந்த முன்னாள் புக்கிட் கியாராத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், அதே மேம்பாட்டின்வழி நிலையான வீடு கிட்டும் என்று காத்திருந்தவை. பசுமை வேண்டுமென்றவரும் ஊராரே. கூரை வேண்டுமென்றவரும் ஊராரே. நல்ல திட்டம் என்பது இவ்விரு குரலையும் தொடக்கத்திலேயே கேட்டு, இரண்டுக்கும் இடம் வகுப்பது. பிந்திக் கேட்டால், ஒருவர் வெற்றி மற்றவர்க்குத் தோல்வியாய் முடியும்.

இத்துறையில் மொழி மன்றமும் பள்ளியும் செய்யத்தக்கன மூன்று.

முதலாவது, சொல். வரைவுத் திட்டம் மலாய்மொழியில் வருகின்றது. அதில் குனா தானா செமாசா என்றிருப்பது இப்போதைய நிலப் பயன்பாடு. சோன் குனா தானா என்றிருப்பது இனிவரும் பயன்பாட்டு வலயம். முன்னதில் தம் பள்ளியைக் கண்டு மனநிறைவோடு வீடு திரும்புபவர், பின்னதில் அதே இடம் வணிக வலயமாக இருப்பதைக் காணாது போகலாம். இத்தகைய சொற்கள் ஐம்பதையேனும் தெளிந்த தமிழில் விளக்கும் சிறு கையேடு ஒன்று ஊர்தோறும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்து. எங்கள் பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்னும் உருக்கமான வேண்டுகோள் அதிகாரியின் கோப்பில் எந்த இடத்திலும் பொருந்தாது. ஆட்சேபம் நான்கு வினாக்களுக்கு விடை கூற வேண்டும். எந்த லோட் எண்? அங்கு இப்போது இருப்பது யாது? வரைவு அதனை என்னவாகக் குறிக்கின்றது? அதனை என்னவாக, எக்காரணத்தால் மாற்ற வேண்டும்? கட்டுரைப் பயிற்சியில் கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம், இவ்வகைக் கடிதத்தையும் ஒருமுறை எழுதப் பழக்கலாம். மனு மலாய்மொழியில் செல்லட்டும். சிந்தனை எம்மொழியில் தெளிவாக எழுமோ அம்மொழியில் முதலில் எழட்டும்.

மூன்றாவது, ஊர்வரைபடம். மாணவர் தம் ஊரில் நடந்து, பள்ளி, கோயில், இடுகாடு, ஓடை, வெள்ளம் தங்கும் பள்ளம், முதியோர் கூடும் மரத்தடி ஆகியவற்றை ஒரு தாளில் குறிக்கட்டும். மழைநாளில் எப்பாதை மூழ்கும் என்பதைத் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டு எழுதட்டும். ஆலோசகர் வரைந்த படத்தில் இல்லாத செய்தி அத்தாளில் இருக்கும். அடுத்த வரைவு வெளியாகும்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் கையிலேந்திச் செல்லத்தக்க சான்று அதுவே.

வரைபடத்தில் நிறம் மாறியதால் நிலம் நமக்கு உரிமையாகிவிடாது. பட்டாவுக்கும் ஒதுக்கீட்டுக்கும் தனியே முயல வேண்டும். எழுதிய ஆட்சேபம் அனைத்தும் ஏற்கப்படும் என்ற உறுதியும் எவரும் தருவதற்கில்லை. ஏற்கப்பட்ட திட்டமும் பின்னர்த் திருத்தப்படலாம். எனினும், பதிவான ஆட்சேபம் ஒன்று கோப்பில் நிற்கும். நாளை வேறொருவர் வழக்காடவும், வேறோர் அதிகாரி மறுபடி எண்ணிப் பார்க்கவும் அது பயன்படும். பதிவாகாத வருத்தம் வருந்தியவரோடு மறைந்துபோகும்.

இன்று ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவர், இப்போது வரையப்படும் திட்டம் காலாவதியாகும்போது இருபதைக் கடந்த இளைஞராய் நிற்பர். அவர்கள் வாழப்போகும் ஊர் இன்றைய தாளில் உருவாகின்றது. அத்தாளை விரித்துப் படிக்கும் ஆற்றலை அவர்க்குத் தருவதும் தமிழ்க் கல்வியின் ஒரு கூறே.