பழகிய வாயிலும் புதிய வாயிலும்



நெடுங்காலம் வகுப்பறையில் நின்று பேசியவன் நான். இன்று உங்கள் முகங்களைக் காணாமலே பேசுகிறேன். பேச எடுத்துக்கொண்ட பொருள், இணையத்திற்கு வாயிலாக விளங்கும் உலாவி. 'நாள்தோறும் கையாளும் கருவிதானே. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நாள்தோறும் கையாளுவதாலேயே நாம் அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன், எங்கள் தெருவிலுள்ள மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க என் வீட்டிற்கு வந்தாள். அன்றே கடைசி நாள். நான் பல்லாண்டு பழகிய உலாவியில் படிவம் திறந்தது, நிரப்பவும் முடிந்தது, ஆனால் இறுதிப் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. இரவு மணி பத்தாயிற்று. "ஐயா, வேறோர் உலாவியை நிறுவிப் பார்க்கலாமா?" என்று தயங்கிக் கேட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழகியதை விட்டுப் புதியதைத் தொடுவதா என்ற அச்சந்தான். வேறு வழியின்றி இசைந்தேன். கால் மணி நேரத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. என் பிடிவாதத்தால் ஒரு பெண்ணின் படிப்புக்கே இடையூறு செய்ய இருந்தேனே என்ற நாணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

இக்குறை எனக்கு மட்டும் உரியதன்று. உலகமே ஒருமுறை இதற்கு ஆட்பட்டது. 1990ஆம் ஆண்டு, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில், டிம் பெர்னர்ஸ் லீ என்பார் முதல் உலாவியை ஆக்கினார். பின்னர்ப் பல உலாவிகள் போட்டியிட்டன. முடிவில் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே வென்றது. 2001இல் அதன் ஆறாம் பதிப்பு வந்தது. அடுத்த பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2006இல்! போட்டி இல்லாத இடத்தில் முயற்சிக்கு என்ன வேலை?

இடையே, 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸின் முதற்பதிப்பு வெளிவந்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் தாவல்களாகத் திறக்க அது வகை செய்தது. அழையாமல் முளைக்கும் விளம்பரங்களைத் தடுத்தது. பலர் அதனைப் பழகிப் பார்த்தனர். எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பிலும் தாவல்கள் இடம்பெற்றன. புதியதை நாடியவர் சிலரே. பயன் பெற்றவரோ பழையதிலேயே இருந்தவருங்கூட. அந்த எக்ஸ்ப்ளோரரும் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது.

இன்றைய நிலை என்ன? குரோம், எட்ஜ், ஓபரா ஆகிய மூன்றும் குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின்மேல் எழுந்தவை. பெயர்கள் மூன்று, உள்ளிருக்கும் பொறி ஒன்றே. ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சபாரியும் வேறு பொறிகளைக் கொண்டவை. நம்மைத் தளந்தோறும் பின்தொடரும் விளம்பரக் குறிப்புகளைத் தடுப்பதிலும் உலாவிக்கு உலாவி வேறுபாடு உண்டு. ஃபயர்பாக்ஸ் 2019 முதலே, நாம் கேளாமலே அவற்றுட் பலவற்றைத் தடுத்து வருகிறது. இவற்றையெல்லாம் ஒப்பிட்டு அறியவேண்டாவா?

ஆகவே, ஒன்று செய்யுங்கள். புதிய உலாவி ஒன்றை இரண்டு வாரம் பழகிப் பாருங்கள். பழையதை நீக்கவேண்டாம், இரண்டும் அருகருகே இருக்கட்டும். குறித்து வைத்த பக்கங்களைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. எச்சரிக்கை ஒன்றும் சொல்வேன்: உலாவியை ஆக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுங்கள். விளம்பரம் காட்டும் வழியில் போகாதீர்கள். உங்கள் கடவுச்சொற்கள் யாவும் அதன் வழியாகவே செல்லும் என்பதை மறவாதீர்கள்.

பழகிப் பார்த்தபின் பழையதே நன்றெனத் தோன்றினால் அதற்கே திரும்புங்கள், தவறில்லை. ஆராய்ந்து வைத்துக்கொண்டது வேறு. ஆராயாமல் ஒட்டிக்கொண்டது வேறு. முன்னதே கற்றவர்க்கு அழகு.