நாய்க்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வந்தால்...

(நம் சங்கக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஆற்றிய உரை)



நாய் தும்மினால் தூசி, ஏ.சி. காற்று என்று விட்டுவிடுகிறோம். ஆனால், வயதான நாய்க்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வாரக்கணக்கில் வந்தால் அப்படி விடாதீர்கள். உள்ளே கட்டி இருக்கலாம். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மூக்கருகே சிறு கண்ணாடியைப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆவி படியவில்லை என்றால், அந்தப் பக்கம் அடைத்திருக்கலாம்.

ரத்தம் என்றாலே கட்டி என்று பயப்படவும் வேண்டாம். உண்ணியால் வரும் டிக் ஃபீவரில் ப்ளேட்லெட் குறைந்தாலும் ரத்தம் வரும். பல் வேரில் சீழ், பூஞ்சைத் தொற்று, உள்ளே சிக்கிய புல் இவையும் காரணமாகலாம். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் சளி குறையும். அடங்குவது கிருமித் தொற்றுதான். கட்டி இருந்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தியதும் சளி திரும்பினால், இன்னொரு கோர்ஸ் கேட்காதீர்கள். "ஸ்கேன் எடுக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

சி.டி. ஸ்கேனை வைத்துக் கட்டியை 4 நிலைகளாகப் பிரிக்கிறோம். ஒரு பக்க மூக்கோடு நின்றால் 1. சுற்றியுள்ள எலும்பை அரித்திருந்தால் 2. கண்குழிக்கோ தோலுக்கடியிலோ பரவினால் 3. மூளைக்குக் கீழுள்ள சல்லடை எலும்பை அரித்திருந்தால் 4. ஸ்கேனுக்குப் பிறகே பயாப்ஸி. முன்பே எடுத்தால் ரத்தம் கசிந்து படம் குழம்பிவிடும்.

கட்டியின் வகை பயாப்ஸியில்தான் உறுதியாகும். சுமார் மூன்றில் இரண்டு பங்கு கார்சினோமா. மீதியில் பெரும்பாலும் சார்கோமா. இவற்றுக்குக் கதிர்வீச்சுதான் முக்கிய சிகிச்சை. சிகிச்சை இல்லையென்றால், கார்சினோமா வந்த நாய்களில் ஏறக்குறைய பாதி 3 மாதங்களைத் தாண்டுவதில்லை.

ஆனால் டி.வி.டி. என்று ஒரு கட்டி இருக்கிறது. நம் தெருநாய்களிடம் இதைப் பார்க்கிறோம். இனச்சேர்க்கையாலும், முகர்வதாலும் நக்குவதாலும் நாய்க்கு நாய் பரவும், மூக்கிலும் வரும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும்.

வெளியில் பார்க்க எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆகவே, வீட்டு நாயானாலும் நம் கேட் அருகே சோறு போடும் நாயானாலும், "புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். என்ன கட்டி என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.