செய்தியாளர் ஸ்டான் கிராண்ட்



ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் செய்தி வழங்கிப் புகழ்பெற்ற ஸ்டான் கிராண்ட் என்பாரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அவர் அந்நாட்டு ஆதிகுடிகளுள் விராஜுரி இனத்தவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கிரிஃபித் என்னும் ஊரில் 1963இல் பிறந்தார். மக்கள்தொகையைக் கணக்கிடுங்கால் ஆதிகுடிகளைச் சேர்த்தலாகாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 127ஆம் பிரிவு அப்போது விதித்திருந்தது. குழந்தை பிறந்தது, கணக்கில் இல்லை! 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பிற்குப் பின்னரே அப்பிரிவு நீங்கிற்று.

தந்தையார் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி. பிழைப்பிற்காகக் குடும்பம் ஊர் ஊராகச் சென்றமையால் பிள்ளை பள்ளி விட்டுப் பள்ளி மாறினார். ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழுடன் வந்து கடைசிப் பலகையில் ஒதுங்கி அமரும் பிள்ளையின் முகத்தைப் பல்லாண்டுகள் பார்த்தவன் நான். ஆதலால் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

பின்னர்க் கான்பெரா நகரில், ஆதிகுடிகளைப் பற்றிய ஆய்வு நிறுவனமொன்றில் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே மார்சியா லாங்டன் என்னும் அறிஞர், அவரும் ஓர் ஆதிகுடிப் பெண்மணியே, பல்கலைக்கழகம் சென்று படிக்குமாறு அவரைத் தூண்டினார். ஒருவர் சொன்ன சொல் வாழ்வின் திசையை மாற்றிற்று. 1992இல் செவன் தொலைக்காட்சியில் நாட்டு நடப்பு நிகழ்ச்சியை முன்னின்று நடத்தினார். 2001 முதல் சி.என்.என். நிறுவனத்தின் சார்பில் ஹாங்காங், பீஜிங் நகரங்களிலிருந்து செய்தி அனுப்பினார், போர்முனைகளுக்கும் சென்றார்.

2015இல் சிட்னியில் நடந்த விவாத மேடையில், இனவெறி தம் நாட்டின் கனவை அழிக்கின்றது என்று வாதிட்டார். மறு ஆண்டின் தொடக்கத்தில் அவ்வுரையின் ஒளிப்பதிவு நாடெங்கும் பரவிற்று.

2023 மே 6 அன்று மன்னர் சார்லஸ் முடிசூடியபோது, ஏ.பி.சி. நிலையத்தின் நேரலை உரையாடலில், அம்முடியின் ஆட்சி தம் மக்களுக்கு இழைத்தவற்றை எடுத்துரைத்தார். அதற்காக அழைக்கப்பட்டவரே அவர். ஆயினும் அவர்மீதும் அவர் குடும்பத்தார்மீதும் இழிசொற்கள் மழையெனப் பொழிந்தன. நிறுவனத்தின் மேலோர் எவரும் வெளிப்படையாகத் தமக்குத் துணை நிற்கவில்லை என்று அவர் எழுதினார். பின்னரே நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பிறரை வினவும் இருக்கையில் அமர்ந்தவரிடமே, 'நீ யார்?' என்று கேட்டது அவ்வசை. மே 22 அன்று தாம் நடத்திவந்த நிகழ்ச்சியினின்று விலகினார். புண்படுத்த எண்ணியோர் அதில் வென்றுவிட்டனர் என்று அன்றிரவு மறையாமல் ஒப்புக்கொண்டார். ஆண்மகன் அழலாமா என்பார் நம்மில் உண்டு. எனக்கு அது வீரமாகவே தோன்றுகிறது.

அவர் அடிக்கடி எடுத்தாளும் சொல் 'யிண்டியமாரா'. விராஜுரி மொழியில் அதற்கு மதிப்பு, மரியாதை என்று பொருள். அம்மொழியைப் பொதுவிடத்தில் பேசியதற்காக அவருடைய தந்தையாரின் பாட்டனார் ஒருமுறை சிறையில் அடைக்கப்பட்டார். அதைக் கண்ட தந்தையாரே முதுமையில் ஜான் ரட்டர் என்னும் மொழியறிஞருடன் சேர்ந்து விராஜுரி அகராதியைத் தொகுத்தார். சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் அம்மொழியைப் பாடமாக வைத்துச் சான்றிதழ் வழங்கலாயிற்று.