முதல் டிஎஸ்எல்ஆர்: காசை லென்ஸ்ல போடுங்க

நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: கேனான் 1500டி-யா, நிக்கான் டி3500-ஆ? ரெண்டுமே 2018-ல வந்தவை, ரெண்டுலயும் 24 மெகாபிக்சல். செகண்ட் ஹேண்ட்ல எது நல்ல நிலையில கிடைக்குதோ, அதை எடுங்க. நான் அதுக்கு மேல யோசிக்க மாட்டேன்.

யோசிக்க வேண்டியது லென்ஸைப் பத்தி. கூடவே வர்ற 18-55 கிட் லென்ஸை 55-க்கு ஜூம் பண்ணினா, எஃப்/5.6-க்கு மேல திறக்காது. டியூப்லைட் வெளிச்சத்துல வீட்டு ஆளுங்களை எடுத்தா முகம் கலங்கிடும். எங்க பாட்டிக்கு 84 வயசு. ‘இன்னொரு தடவை சிரிங்க’ன்னு கேட்டா அந்தச் சிரிப்பு வராது. 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 நொடி ஷட்டர் கேட்ட இடத்துல, ஐஎஸ்ஓவைத் தொடாமலே 1/125 வைக்கலாம்.

நிக்கான் வாங்கினா ஏஎஃப்-எஸ்னு போட்ட லென்ஸா பாருங்க. பழைய 50 எம்எம் எஃப்/1.8டி விலை குறைவுதான். ஆனா டி3500 பாடிக்குள்ள மோட்டார் கிடையாது, ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும். கடையில இதை எல்லாரும் சொல்றதில்ல.

ஒரு குறை இருக்கு. சின்ன ஹால்ல 50-ஐ வச்சுக்கிட்டு மொத்தக் குடும்பத்தையும் எடுக்கணும்னா, முதுகு சுவத்துல இடிக்கும். அதுக்காகவே கிட் லென்ஸை விக்காதீங்க.

அப்புறம், 1.8-ல கிட்டப் போய் எடுத்தா ரெண்டு கண்ணும் ஒண்ணா ஷார்ப்பா வராது. உங்க பக்கம் இருக்கிற கண்ணுல ஃபோகஸ் வைங்க.