அனுப்பும் டாலரும் கைக்குச் சேரும் ரூபாயும்

(புலம்பெயர்ந்த பெற்றோர்களுக்கும் இளையோருக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நியூ ஜெர்சியின் எடிசன், வளைகுடாப் பகுதியின் ஃப்ரீமாண்ட், டெக்சாசின் பிளேனோ என்று ஊர்கள் வேறுபடலாம். ஆனால் மாதந்தோறும் தமிழ்க் குடும்பங்களில் நடைபெறும் ஒரு வேலை எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. தாயாரின் மருந்துச் செலவுக்கும், தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், ஊரில் கட்டிய வீட்டின் கடன் தவணைக்கும் ஒரு தொகை இங்கிருந்து அனுப்பப்படுகிறது. அரிசி மூட்டை வாங்குவதற்கு மூன்று கடைகளில் விலை கேட்கும் குடும்பம், இந்தத் தொகையை மட்டும் பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு நண்பர் பரிந்துரைத்த சேவையின் வழியாகவே இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கசிகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

இது சிறு விஷயம் அன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி, 2023-24-ஆம் நிதியாண்டில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய தொகை 11,870 கோடி டாலர். அதில் 27.7 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து சென்றது. வளைகுடா நாடுகள் முன்னணியில் இருந்த காலம் மாறி, தனி நாடு என்ற வகையில் அமெரிக்காவே இன்று முதலிடத்தில் இருக்கிறது. அனுப்பப்பட்ட தொகையில் தமிழகத்தின் பங்கு 10.4 விழுக்காடு. மகாராட்டிரம், கேரளம் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அது. இவ்வளவு பெரிய ஓட்டத்தில் நூற்றுக்கு ஒரு டாலர் கசிந்தாலும் இழப்பு மிகப் பெரிது.

"கட்டணம் இல்லை" என்பதன் பொருள்

பணம் அனுப்பும் சேவைகள் இரண்டு வழிகளில் வருவாய் ஈட்டுகின்றன. ஒன்று, வெளிப்படையாகத் தெரியும் கட்டணம். மற்றொன்று, நாணய மாற்று விகிதத்தில் மறைந்திருக்கும் இலாபம். சந்தையில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் ரூபாய்க்கும், வாடிக்கையாளருக்குத் தரப்படும் ரூபாய்க்கும் இடையிலுள்ள வேறுபாடே அந்த இலாபம். "கட்டணம் முற்றிலும் இலவசம்" என்ற விளம்பரம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். சந்தை விகிதம் ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டிய தொகை 1,000 டாலர்.

முதல் சேவை கட்டணம் வாங்குவதில்லை. ஒரு டாலருக்கு 88.50 ரூபாய் தருகிறது. ஊரில் சேர்வது 88,500 ரூபாய்.

இரண்டாம் சேவை 5 டாலர் கட்டணம் வாங்குகிறது, 89.80 ரூபாய் தருகிறது. எஞ்சிய 995 டாலருக்குச் சேர்வது 89,351 ரூபாய்.

மூன்றாவது, வங்கியின் வயர் முறை. 45 டாலர் கட்டணம், 87.50 ரூபாய் விகிதம். எஞ்சிய 955 டாலருக்குச் சேர்வது 83,562 ரூபாய் 50 காசு. இடையிலுள்ள வங்கிகள் பிடித்தம் செய்தால் அதுவும் குறையும்.

கட்டணம் வாங்கும் இரண்டாம் சேவை, "இலவச" சேவையைவிட 851 ரூபாய் கூடுதலாகக் கொண்டுசேர்க்கிறது. மாதந்தோறும் அனுப்பும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10,212 ரூபாய் வேறுபாடு. ஊரில் ஒரு முதியவரின் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளுக்குப் பல மாதங்கள் போதுமான தொகை இது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இத்தனை டாலர் என் கணக்கிலிருந்து சென்றால், எல்லாப் பிடித்தமும் போக எத்தனை ரூபாய் ஊரில் சேரும்?" இந்த ஒரே எண்ணை, ஒரே நேரத்தில், இரண்டு மூன்று சேவைகளில் ஒப்பிட வேண்டும். காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் பார்த்து ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். விகிதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது.

மேலும் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, புதிய வாடிக்கையாளர்களுக்கு முதல் முறை மட்டும் உயர்ந்த விகிதம் தரும் வழக்கம் பல சேவைகளில் உண்டு. இரண்டாம் முறை எவ்வளவு தருகிறார்கள் என்பதே உண்மையான விலை. இரண்டாவது, காட்டப்படும் விகிதம் உறுதி செய்யப்பட்டதா, அல்லது பணம் சென்று சேரும் நாளில் மாறக்கூடிய உத்தேச விகிதமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பணம் செலுத்தும் முறை. வங்கிக் கணக்கிலிருந்து ஏ.சி.எச். வழியாகச் செலுத்துவது பொதுவாக மலிவு. ஆனால் சில நாட்கள் ஆகலாம். கடன் அட்டையில் செலுத்தினால் அதை ரொக்க முன்பணமாகக் கருதி அட்டை வங்கி தனிக் கட்டணமும் வட்டியும் விதிக்க வாய்ப்புண்டு.

சட்டம் தந்திருக்கும் உரிமை

இந்த ஒப்பீட்டைச் செய்வதற்கு வேண்டிய எண்களைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் சட்டபூர்வ உரிமை. 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் 2010-இல் இயற்றப்பட்ட டாட்-ஃபிராங்க் சட்டம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோருக்கு முதன்முறையாக விரிவான கூட்டாட்சிப் பாதுகாப்பை அளித்தது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் வகுத்த விதிகள் 2013 அக்டோபர் 28 முதல் நடைமுறையில் உள்ளன.

இவ்விதிகளின்படி, 15 டாலருக்கு மேற்பட்ட தொகையை அனுப்பும்போது, பணம் செலுத்துவதற்கு முன்பே கட்டணம், வரி, மாற்று விகிதம், பெறுபவருக்குச் சேரும் தொகை ஆகியவற்றை நிறுவனம் தெரிவிக்க வேண்டும். பணம் கிடைக்கும் நாள் இரசீதில் இருக்க வேண்டும். செலுத்திய 30 நிமிடங்களுக்குள், பெறுபவர் கைக்கோ கணக்குக்கோ பணம் இன்னும் சேராதிருந்தால், கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். தொகை குறைந்தாலோ சேராவிட்டாலோ 180 நாட்களுக்குள் முறையிடலாம். நிறுவனம் 90 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும்.

தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு கூறும் இவ்விதிகளில் உண்டு. ஒரு நிறுவனம் தன் சேவையை எந்த மொழியில் முதன்மையாக விளம்பரம் செய்கிறதோ, அந்த மொழியிலும் இந்த விவரங்களை வழங்கக் கடமைப்பட்டுள்ளது. தமிழில் விளம்பரம் செய்து வாடிக்கையாளரை ஈர்க்கும் நிறுவனத்திடம் தமிழில் இரசீது கேட்பது நியாயமான கோரிக்கையே ஆகும்.

நிறுவனம் உரிமம் பெற்றதா என்பதையும் அறிய வழி உண்டு. நியூ ஜெர்சியில் வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையும், கலிஃபோர்னியாவில் நிதிப் பாதுகாப்பு மற்றும் புதுமைத் துறையும், டெக்சாசில் வங்கித் துறையும் இந்நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குகின்றன. கூட்டாட்சிப் பணியகத்தைப் போலவே இத்துறைகளிலும் முறையிடலாம்.

2026-இல் வந்த புதிய வரி

2025-ஆம் ஆண்டில் நடந்த ஒரு விவாதம் பல குடும்பங்களைக் கலங்க வைத்தது. அந்த ஆண்டு மே மாதம் கீழவை நிறைவேற்றிய மசோதாவில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதோர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 3.5 விழுக்காடு வரி இருந்தது. எச்-1பி விசாவில் இருப்போரும், பச்சை அட்டை பெற்றோரும், மாணவர்களும் அதில் அடங்குவர். மேலவை அதை மாற்றியது. 2025 ஜூலை 4 அன்று சட்டமான வடிவத்தில் வரி 1 விழுக்காடு. குடியுரிமை பார்க்காமல் அனைவருக்கும் பொது. ஆனால் ரொக்கம், மணியார்டர், வங்கிக் காசோலை போன்றவற்றால் செலுத்தினால் மட்டுமே. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அமெரிக்காவில் வழங்கப்பட்ட அட்டையின் மூலமாகவோ செலுத்தினால் இவ்வரி இல்லை. 2026 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

கணினித் துறையில் பணிபுரிவோரை இது பெரும்பாலும் தொடுவதில்லை. கடையிலும் உணவகத்திலும் ரொக்கமாகக் கூலி பெற்று, கடைமுகப்பில் பணம் அனுப்புவோரையே தொடுகிறது. வங்கிக் கணக்கு இல்லாத ஒருவருக்குக் கணக்குத் தொடங்க உதவுவது, இன்று அவருக்குச் செய்யக்கூடிய நேரடி உதவியாகும்.

உண்டியல் என்னும் குறுக்குவழி

உண்டியல் தமிழருக்குப் புதிதன்று. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார் உண்டியல் முறையில் பணத்தைக் கடல் தாண்டி நகர்த்தினர். அக்காலத்தில் அது நம்பிக்கையின் மேல் நின்ற முறையான வணிகக் கருவி. இன்று அதே பெயரில் நடப்பது வேறு. "இங்கே டாலர் கொடுங்கள், அங்கே ரூபாய் போட்டுவிடுகிறோம், விகிதம் கூடுதலாகத் தருகிறோம்" என்ற அழைப்பு மாணவர்களின் வாட்சப் குழுக்களில் அடிக்கடி வருகிறது.

2001-இல் நிறைவேறிய பேட்ரியாட் சட்டத்துக்குப் பின், உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது கடுமையான கூட்டாட்சிக் குற்றமாக நடத்தப்படுகிறது. இந்தியாவில் இது அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு மாறானது. சட்டத்தைவிட அருகிலுள்ள அபாயம் ஒன்று உண்டு. ஊரில் பெற்றோரின் கணக்கில் போடப்படும் ரூபாய், இணைய மோசடியில் யாரோ இழந்த பணமாக இருக்கலாம். அப்போது காவல்துறை அந்தக் கணக்கை முடக்குகிறது. டாலருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்த மகிழ்ச்சி, ஓய்வூதியக் கணக்கை மீட்க ஒரு முதியவர் காவல் நிலையத்துக்கு அலைவதில் முடியும்.

ஈழத்துக்கு அனுப்புவோருக்கும் ஒரு பாடம் உண்டு. 2021-இல் இலங்கை மத்திய வங்கி டாலரை ஏறத்தாழ 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தபோது, உண்டியல்காரர்கள் அதைவிட உயர்ந்த விலை தந்தனர். வங்கி வழியாக வந்த பணம் 2020-இல் ஏறத்தாழ 710 கோடி டாலராக இருந்தது. 2022-இல் 380 கோடி டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டில்தான் எரிபொருளும் மருந்தும் வாங்க நாட்டிடம் டாலர் இல்லாமற் போயிற்று. அனுப்பியவர்கள் மீது பழி சுமத்துவது முறையன்று; செயற்கையான விகிதமே அவர்களை அந்த வழிக்குத் தள்ளியது. ஆயினும், பணம் செல்லும் வழியும் தாயகத்தைப் பாதிக்கும் என்பதற்கு அது சான்று.

கவனிக்க வேண்டிய கணக்குகள்

வெளிநாட்டில் குடியேறியவர் இந்தியாவில் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கையே தொடர்ந்து வைத்திருக்க விதி இடம் தருவதில்லை. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.ஈ. கணக்கு தனியே தொடங்கலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் அமெரிக்காவில் வரி செலுத்துவோர் அந்த வட்டியை இங்கே காட்ட வேண்டும். இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் படிவம் அளிக்க வேண்டும். பெற்றோருடன் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் இதில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஊரிலுள்ள பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ நன்கொடை அனுப்புவது வேறு விதிக்கு உட்பட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அவருடைய நன்கொடையைப் பெற அந்த அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். தனிப்பட்ட சேவை வழியாகப் பொறுப்பாளர் ஒருவரின் கணக்குக்கு அனுப்பினால், நல்ல எண்ணத்துடன் செய்தது அந்த அமைப்புக்கே தொல்லையாகும்.

கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது நல்லது. கரூரில் பிறந்த இலட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டது, அதன் கிளைகளின் குறியீடுகள் பின்னர் மாறின. அனுப்புபவரே எண்ணைத் தவறாகக் கொடுத்தால், முன்னர்க் கூறிய சட்டப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காமற் போகலாம்.

அவசர நாளுக்கு முன்

விலையை மட்டும் பார்த்துச் சேவையைத் தேர்ந்தெடுப்பது போதாது. நள்ளிரவில் மதுரையிலிருந்து அழைப்பு வருகிறது. தந்தையாரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். முன்பணம் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் புதிய சேவையில் கணக்குத் தொடங்கினால், அடையாளச் சரிபார்ப்பும் புதியவர்களுக்கான தொகை வரம்பும் தடையாக நிற்கும். ஆகவே மலிவான சேவை ஒன்றும், சில நிமிடங்களில் சேர்க்கும் விரைவான சேவை ஒன்றும், ஆக இரண்டு கணக்குகளை முன்னரே சரிபார்த்துத் தயாராக வைத்திருப்பது அறிவுடைமை. இரண்டிலும் ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

பல குடும்பங்களில் இந்த வேலை ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவருக்கு நோய் வந்தாலோ, வேலை போனாலோ, ஊரில் மருந்து வாங்குவது நின்றுவிடும். கணவன், மனைவி இருவருக்கும் இந்தச் செயல்முறை தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி செல்லும் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, மூன்று சேவைகளில் சேரும் தொகையை ஒப்பிடச் சொல்லலாம். யாருக்குப் பணம் போகிறது, எதற்காகப் போகிறது, அது எத்தனை ரூபாயாகச் சேர்கிறது என்று அறியும் பிள்ளைக்கு, பாட்டியின் வீடு தொலைபேசியில் கேட்கும் குரலாக மட்டும் நின்றுவிடாது.

இந்த மாதம் பணம் அனுப்பும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு சேவைகளில் அந்த ஓர் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் இந்த அவை கேட்டுக்கொள்கிறது. மிச்சமாகும் ரூபாய் ஊரிலிருப்பவர்களுக்கு உரியது. அது அவர்கள் கைக்கே போய்ச் சேரட்டும்.